செல்ஃப் எடுக்காமை: அரும்பாவூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மூலபாட ஆய்வு

சாவியைத் திருகியதும் 'டிக்' என்று ஓர் ஓசை மட்டும் எழுப்பிவிட்டு அடங்கிப்போகும் காரை அரும்பாவூர்க் கடைத்தெருவில் எவரும் கண்டிருக்கலாம். இந்நிகழ்வு இதுகாறும் முறையான ஆய்வுக்கு உட்படவில்லை. அப்பெருங்குறையை இக்கட்டுரை களைகிறது. வேறு எவரும் முன்வராததால்.

முதற்கண் ஆய்வு எல்லை. இவ்வூர்ச் சிற்பிகளின் மரச்சிற்பங்கள் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றவை. வாகையிலும் வேம்பிலும் அவர்கள் செதுக்கும் குதிரை வாகனங்கள் மார்கழிக் குளிரிலும் தடையின்றிக் கிளம்புகின்றன. தோள் கொடுக்க ஆள் இருந்தால் போதும். எனவே அவை விலக்கப்பட்டன.

அடுத்து, முன்னாய்வுகள். ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953-இல் திறக்கப்பட்டது. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், சென்னைப் பாடியில் செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்துவருகிறது. இவர்கள் அனைவரும் பொருளைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள். ஆகவே நமது ஆய்வு நெறிக்குப் புறம்பானவர்கள்.

மூலபாடம் வருமாறு. இன்ஜின் ஓய்ந்திருக்கையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்தது, 12.2 பாதி, 12-க்குக் கீழே காலி. நிறைந்த பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அது கிழடு தட்டிவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13-ஐக்கூட எட்டாவிடில், பட்டறைகளில் டைனமோ எனப்படும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை: பெல்ட் தளர்ந்திருக்கும், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், டையோடு போயிருக்கும். 15-ஐத் தாண்டினால், மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் கட்-அவுட் பழுது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். இத்தனையும் ஒரே பத்தியில் முடிந்துவிட்டது என்பது முனைவர் பட்ட நோக்கில் மிகவும் கவலைக்குரியது.

நல்லவேளையாகப் பாடபேதம் இருக்கிறது. செல்ஃப் அடிக்கையில் மீட்டரின் முனையை ஈயக் குமிழில் வைத்தால் ஓர் எண். அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வைத்தால் அதைவிட இரண்டு, மூன்று குறைந்த எண். எது மூலம், எது இடைச்செருகல்? இவ்வினாவுக்கு இருநூறு பக்கம் தாராளமாக ஒதுக்கலாம். ஆனால் எலக்ட்ரீஷியன் பையன், இரண்டுக்கும் நடுவே பூத்திருந்த வெண்பச்சைப் பொடிமேல் வெந்நீரை ஊற்றி, தேய்த்து, முடுக்கி, கிரீஸ் தடவிவிட்டான். ஒரு பதிப்பாசிரியரின் வாழ்நாள் உழைப்பு பாழ்.

இனி மரபுகள். தலையாயது 'பேட்டரிய மாத்திடுங்க' மரபு (டீக்கடை பெஞ்சு, வடக்கு ஓரம், முதல் டீ). பானெட்டைத் திறவாமலே முடிவு சொல்வது இதன் சிறப்பு. பல்கலைக்கழகங்களிலும் இதற்குச் செல்வாக்கு உண்டு. புதுப் பேட்டரியும் சில நாளில் படுத்துவிட்டால், 'கம்பெனி சரியில்லை' என்பது துணைவிதி (மேற்படி பெஞ்சு, தெற்கு ஓரம், மறுப்புரை). டைனமோவே ஊட்டாதபோது எந்தக் கம்பெனி என்ன செய்யும் என்ற ஐயம் ஓரிடத்தில் மட்டும் பதிவாகியுள்ளது (பட்டறைச் சுவர், காலண்டருக்குப் பின்புறம், கிரீஸ் விரலெழுத்து, மூன்றாம் வரி, ஆணி அடித்ததில் ஈற்றுச் சீர் சிதைவு). அதன் தொடர்ச்சி கிடைத்திலது (அதே சுவர், வெள்ளையடித்தபின், வெள்ளையடித்தவரின் மைத்துனர் வாய்மொழி, பேருந்து நெரிசலில் கேட்டது, பாதியில் அவர் கிருஷ்ணாபுரத்தில் இறங்கிவிட்டார்).

டெர்மினல் கழற்றும் மரபு: இன்ஜின் ஓடுகையில் பேட்டரி ஒயரைக் கழற்றினால், வண்டி நிற்காதவரை டைனமோ நலம் என்ப. பழைய வண்டிகள் இதைத் தாங்கின. இன்றைய வண்டியில் மின்னழுத்தம் எகிறிக் கணினிப் பெட்டியைச் சுட்டுவிடக்கூடும். இம்மரபின் ஆசான்களுக்குச் சீடர்கள் ஏராளம். சொந்தக் கார் இல்லை.

டேஷ்போர்டின் சிவப்புப் பேட்டரி விளக்கு: வண்டி ஓடும்போதும் எரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கு.

மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிந்து பேட்டரியைத் தின்கிறதா: தத்துவத் துறைக்கு அனுப்பப்பட்டது.

தள்ளுவியல் தனி நூலாகத் தக்கது. இரண்டாம் கியரில் கிளச்சை மிதித்துவைத்து, வேகம் வந்ததும் விட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி எத்தனை பேர் தள்ளினாலும் கிளம்பாது, அதையும் தள்ளுவர். தள்ளுவோர் மூவகையர்: கை வைப்போர், கை வைத்து யோசனை சொல்வோர், தள்ளுவோர். மூன்றாம் வகையினர் குனிந்திருப்பதால் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியார். நன்றி முழுவதும் முதலிருவர்க்கே போகும். நூல்களின் முன்னுரைகளிலும் இவ்வழக்கு உண்டு.

இக்கருதுகோள்களைச் சரிபார்க்கப் பட்டறைக்காரர் ஒருவரை அணுகினோம். பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு, "பெல்ட்டு லூசுண்ணே" என்றார். எந்த ஆசிரியரைத் தழுவி இம்முடிவு, சான்று உண்டா என்று வினவினோம்.

"அம்பது ரூவா குடுங்க" என்றார்.