28 நாள் பூஜை, ஒரு முழுக் கிராமம்

எங்கள் நல்லூர்ப் பக்கம் பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். உள்ளே வேகிற பொம்மை வேறு, வெளியே நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்கிற ஆள் வேறு. ராஜகுருக்களை எடைபோட இதைவிட நல்ல தராசு எனக்குக் கிடைக்கவில்லை.

ராஜபுத்திர அரண்மனைகளில் ராஜபுரோகிதர் படை கிளம்ப நாள் குறிப்பார், யோசனை சொல்வார், பதிலுக்கு வரியில்லாத நிலம் வாங்குவார். நம் பக்கம் மட்டும் அந்த வேலைக்கு ஆள் பஞ்சமா என்ன? ராஜராஜ சோழனிடம் கிருஷ்ணன் ராமன் என்ற பிரம்மமாராயர் (பிரம்மாதிராஜன் மாதிரி இதுவும் அந்தண அதிகாரிகளுக்குத் தருகிற பட்டம்) சேனாதிபதியாகவே இருந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகை அவர் எழுப்பியது. ஒழுங்காக வேலை பார்த்த மனுஷன், கதைக்கு உதவமாட்டார்.

உதவுகிறவர்கள் காட்டுமன்னார்கோயில்காரர்கள். விருத்தாசலத்தில் பஸ் ஏறிச் சேத்தியாத்தோப்பைத் தாண்டிப் போனால், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் அவர்கள் பெயர் இருக்கிறது. சோமன், தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். பட்டங்களைப் பார்த்தால் கலியாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். விஷயம் வேறு. ராஜராஜனின் அண்ணன், பாண்டியன் தலைகொண்ட ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பட்டியல் அது.

கொலை நடந்தது உத்தம சோழன் பட்டத்துக்கு வருமுன். துரோகிகளின் நிலத்தைப் பறித்த சேதி கல்லில் ஏறியது ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில். நடுவில் 15 வருஷத்துக்கு மேல் அந்தக் கோப்பு யார் பெட்டியில் தூங்கியது? உத்தம சோழனின் அம்மா செம்பியன் மாதேவிதான் எங்கள் விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலைக் கல்லில் எடுத்துக் கட்டியவர். ஆகவே நான் வாயைத் திறப்பதாக இல்லை. சூளைக்குள் தாங்களே இறங்கியவர்களுக்கு நிலம் போயிற்று, அவ்வளவுதான்.

வெளியே நின்றவர் கதைக்கு வருவோம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆர்ப்பாக்கம். சுமார் 1170, இரண்டாம் ராஜாதிராஜன் காலம். மதுரைச் சிம்மாசனத்துக்குப் பங்காளிச் சண்டை. குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டதும், பராக்கிரம பாண்டியன் இலங்கை ராஜா பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டு ஆள் அனுப்பினான். தண்டநாயகன் லங்காபுரன் படையோடு வந்து சேர்வதற்குள் கூப்பிட்டவன் கொலையாகிவிட்டான். அதற்காக வந்தவன் திரும்பிப் போவானா? மாப்பிள்ளை ஓடிப்போனாலும் பந்தியில் உட்கார்ந்து எழுகிற ரகம். ராமேசுவரத்தில் ஆரம்பித்து உள்ளே வந்துகொண்டே இருந்தான். தொண்டி, பாசிப் பக்கமெல்லாம் ஜனங்களுக்கு உதறல்.

எதிரிலி சோழச் சம்புவராயர் என்ற சிற்றரசருக்கும் உதறல். எதிரியே இல்லாதவன் என்று பேர் வைத்துக்கொண்டால், எதிரி வரும்போது இப்படித்தான் முழிக்க வேண்டும். வங்காளத்துத் தட்சிண ராடத்திலிருந்து வந்திருந்த உமாபதிதேவர் என்கிற ஞானசிவதேவரிடம் ஓடினார். சுவாமிகள் யானை எத்தனை, குதிரை எத்தனை என்று கேட்டதாகத் தெரியவில்லை. ராமேசுவரம் கோயில் கதவைப் பெயர்த்து, பூஜையை நிறுத்தி, பண்டாரத்தைச் சுரண்டிய பாவிகள் அவர்கள். தோற்று ஓட வழி செய்கிறேன் என்றார். 28 நாள் விடாமல் சிவபூஜையில் உட்கார்ந்தார். (விருத்தாசலம் கோயிலில் 28 ஆகமத்துக்கும் 28 லிங்கம் வைத்திருக்கிறோம். 28 என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் மறுபேச்சு கிடையாது.)

அந்தப் பக்கம் சோழர் தரப்பில் பெருமான் நம்பிப் பல்லவராயர் குலசேகரனுக்காக நிஜமான போரை நிஜமான வெயிலில் நடத்திக்கொண்டிருந்தார். பூஜை முடிந்தது, எதிரி தோற்றான் என்று ஓலையும் வந்தது. லங்காபுரன் முதலானவர்களின் தலைகளை மதுரை வாசலில் ஆணியடித்து வைத்தோம் என்கிறது சோழர் கல்வெட்டு. சம்புவராயர் பூரித்துப்போய் ஆர்ப்பாக்கம் கிராமத்தையே சுவாமிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 28 நாள் கூலிக்கு ஒரு முழுக் கிராமம்!

ஆணியடித்த தலைகளை அப்புறம் இறக்கியது யார் தெரியுமா? எந்தக் குலசேகரனுக்காகச் சோழர்கள் மாரடித்தார்களோ, அதே குலசேகரன்தான். இலங்கையோடு ராசியாகிவிட்டான். சோழர்கள் சளைத்தவர்களா? நேற்றுவரை எதிரியாக இருந்த, பராக்கிரம பாண்டியனின் மகன் வீரபாண்டியனைத் தூக்கி மதுரையில் உட்காரவைத்தார்கள். பூஜையின் பலன் எத்தனை வருஷத்துக்கு என்று சுவாமிகள் உத்தரவாதச் சீட்டு எதுவும் கொடுத்திருக்கவில்லை.

இலங்கைக்காரர்களின் சூளவம்சத்தைப் புரட்டினால் கதையே வேறு. லங்காபுரன் தோற்கவே இல்லை. அடித்த அடியில் பாண்டிய நாடு அடங்கிவிட்டது. அந்த வெற்றியின் நினைவாகப் பராக்கிரமபாகு பாண்டுவிஜயம் என்று ஓர் ஊரை உண்டாக்கினான். உண்டாக்கி, அந்தணர்களுக்குக் கொடுத்தான்.