பெங்களூர்க் கேசமும் உஷ்ணத் துறவும்

பாயிரம்

கூந்தலை முன்னிட்டுத் தமிழர் நடத்திய வாதங்களுள் தலையாயது மதுரைச் சங்கத்தில் நிகழ்ந்தது என்பதையும், மாதர் கூந்தலின் மணம் இயற்கையா செயற்கையா என்ற அவ்வழக்கில் எதிர்க்கட்சியில் வந்து நின்றவர் சோமசுந்தரக் கடவுளே என்பதையும் திருவிளையாடற் கதை கேட்டோர் யாவரும் அறிவர். ஆயினும் அவ்வழக்கின் முடிவைக் கேச சாஸ்திரக் கண்கொண்டு நோக்காமல் விட்டது புலவருலகின் பெருங்குறையாகும். விட்டுக்கொடாத நக்கீரர்மீது நெற்றிக்கண்ணின் தீ பாய்ந்தது. வெம்மை தாளாது அவர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்தார். அந்நீரிலே கிடந்து தணிந்தார். எனவே, கூந்தல் விவகாரத்தில் உஷ்ணத்தால் ஊறுபட்ட முதல் நபர் ஒரு புலவர் என்பதும், அவருக்குப் பலித்த சிகிச்சை தீயைவிட்டு விலகிப் பொறுமையோடு கிடத்தலே என்பதும் ஐயந்திரிபறப் பெறப்படுகின்றன.

கடைக்காரர் 'ஸ்ட்ரெய்ட்டனர்' என்றும், அதை வாங்கிச் சென்றோர் வீட்டில் 'அயர்ன்' என்றும் வழங்கும் மின்சார இடுக்கியினால் நெடுங்காலம் கூந்தலை நேராக்கி, அதன் பயனாக நுனி வெடித்து, இடை முறிந்து, சீப்புக்கு அஞ்சும் நிலையை எய்திய பெங்களூர் மாதர், ஒரு நன்னாளில் அவ்விடுக்கியைத் துறப்பாராயின் அவர்க்கு உய்யும் வழி யாது என்பதே இவ்வாராய்ச்சியின் பொருள்.

தேச வர்த்தமானம்

பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரி செல்ஷியஸிலேயே கொதித்துவிடும். அதாவது மல்லேசுவரத்து இட்லிப் பானையில் எழும் ஆவி, மயிலாப்பூர் ஆவியைக் காட்டிலும் மூன்று டிகிரி சாந்த குணம் உடையது. தண்ணீரே இவ்வளவு அடக்கத்தோடு கொதிக்கும் ஓர் ஊரில், 200 டிகிரியைத் தாண்டிய தகடுகளைக் காதருகே கொண்டுவரும் வழக்கம் எவ்வாறு வேரூன்றியது என்பது ஆராயத்தக்கது.

காவிரி சிவசமுத்திரத்தில் வீழும் வேகத்தைக் கொண்டு 1902-ஆம் ஆண்டு மின்சாரம் எடுத்துக் கோலார் தங்க வயலுக்கு அனுப்பினார்கள். 1905 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அதே மின்சாரம் பெங்களூர்த் தெருவில் விளக்காக எரிந்தது. அதற்கு முன்பே, 1872-இல், பாரிஸ் நகரத்து மார்செல் கிராத்தோ என்பவர் நெருப்பில் காய்ச்சிய இடுக்கியால் கூந்தலில் அலை எழுப்பிக் காட்டியிருந்தார். பெங்களூரில் விளக்கெரிந்த காலத்தை ஒட்டி, லண்டனில் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் மின்சாரத்தால் சூடேறும் உருளைகளைக் கொண்டு நிரந்தரச் சுருளை உண்டாக்கும் முயற்சியில் முனைந்து, முதலிரண்டு பரீட்சைகளிலும் தம் மனைவி கதரீனாவின் கூந்தலைக் கருக்கினார். மூன்றாம் பரீட்சைக்கும் அவ்வம்மையார் தலைகொடுத்தார் என்பதைக் கற்புடை மாதர் சரித்திரத்தில் சேர்ப்பதா, விஞ்ஞானத் தியாகிகள் வரிசையில் வைப்பதா என்பதை அறிஞர்கள் முடிவு செய்க.

இன்று பெங்களூர் குடிக்கவும் குளிக்கவும் பெறும் காவிரி நீரோ, தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், மின்சாரப் பம்புகளால் ஏற்றப்பட்டு வருகிறது. ஆகவே ஒரு நங்கை காலையில் தலை குளித்து, ஹேர் டிரையரால் உலர்த்தி, இடுக்கியால் இழுக்குங்கால், மின்சாரத்தைச் செலவிட்டு மலையேற்றிக் கொணர்ந்த நீரை மீண்டும் மின்சாரத்தைச் செலவிட்டே தலையினின்றும் விரட்டுகிறாள். இதில் லாபம் அடைந்தோர் யாரென்று தேடின், மின்சார இலாகாவைத் தவிர வேறொருவரும் அகப்படார்.

பண்டைத் தமிழ் மாதர் அகிற்புகையில் கூந்தல் உலர்த்தினர் அன்றோ, அதுவும் உஷ்ணப் பிரயோகம் அன்றோ எனின், அன்று என்க. புகை கூந்தலின் ஊடே சென்று வந்தது; தகடோ கூந்தலை இருபுறமும் நெரித்துக் கொண்டு செல்கிறது. இன்றும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் தாய்மார் தட்டைக் கையால் தொட்டுப் பார்த்தே அருகில் கொண்டுவருவர். கையால் தொடக்கூடியதே தலைக்கு ஆகும் என்பது அவர்கள் வகுத்த பிரமாணம்.

கேச ஸ்வரூபம்

தலையில் சுமார் ஒரு லட்சம் ரோமங்கள் உள. ஒவ்வொன்றும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. வெளியே ஓட்டின்மேல் ஓடு வேய்ந்தாற்போன்ற செதில்கள், உள்ளே முறுக்கிய இழைகள். தோலின் புரதமாகிய கொல்லாஜனின் முப்புரி அமைப்பை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்ன ஜி. என். ராமச்சந்திரன், 1970-களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து ஒரு துறையையே நிறுவினார். கேசத்தின் புரதச் சுருளை விளக்கிய புகழோ 1951-இல் அமெரிக்கராகிய லைனஸ் பாலிங் வசம் போயிற்று. தோல் நம்மவருக்கும் மயிர் அந்நியருக்கும் ஆக அமைந்த இப்பாகப் பிரிவினையைக் குறித்து வருந்திப் பயனில்லை.

கெரட்டின் இழைகளைப் பிணைப்பன முக்கியமாக இருவகை. கந்தகப் பிணைப்பு வலியது. ரசாயனங்களுக்கே அது பணியும். ஹைட்ரஜன் பிணைப்பு மெலியது. நீர்பட்டால் அவிழும், உலர்ந்தால் உலர்ந்த வடிவிலேயே மறுபடி பிணையும். இடுக்கி செய்யும் மாயமெல்லாம் இம்மெலிய பிணைப்பை அவிழ்த்து நேர்கோட்டில் மீளக் கட்டுவதேயாகும். பெங்களூரில் மாலை நான்கு மணிக்குமேல் முன்னறிவிப்பின்றிப் பெய்யும் மழையின் ஈரம் அக்கட்டைக் கால் நாழிகையில் அவிழ்த்துவிடுகிறது. மழையினின்றும் தப்பிய தலையை, இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அமர்வோர்க்கும் 2016 முதல் இம்மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்ட ஹெல்மெட் ஏற்றுக்கொள்கிறது. காலையில் அரைமணி நேரம் செலவிட்டு ஈட்டிய நேர்மை அலுவலக வாயிலையும் எட்டாமல் மடிவது இதனால்தான்.

வடிவம் மீள்வதுபோல் சேதமும் மீளுமாயின் இக்கட்டுரைக்கே இடமில்லை. 200 டிகிரியைத் தாண்டிய சூடு பிணைப்போடு நில்லாமல் புரதச் சுருளையே குலைக்கிறது. செதில்கள் விரிசல் கண்டு உதிர்கின்றன. ஈரக் கூந்தலில் இடுக்கியை வைப்பதோ, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதை ஒக்கும். கல்லின்மேல் தெளித்த நீர் 'சுர்' என்று வெளியே போய்விடும்; ரோமத்துக்குள் அகப்பட்ட நீர் போக வழியின்றி உள்ளேயே ஆவியாகிக் குமிழ் குமிழாக வெடிக்கும். குமிழ் இருந்த இடத்தில் ரோமம் முறியும். அந்தச் 'சுர்' ஓசையைக் கேட்டு 'நன்றாக வேலை செய்கிறது' என்று மகிழ்வோரும் உளர்.

மும்மத விசாரம்

சிருங்கேரி, மேல்கோட்டை, உடுப்பி என மூன்று தரிசனங்களுக்கு இடங்கொடுத்த கன்னட நாட்டில், கேசத்தைக் குறித்தும் மூன்று மதங்கள் நிலவுவது வியப்பன்று. அம்மதத்தாரை ஜலவாதிகள், பார்லர்வாதிகள், தைலவாதிகள் என்போம்.

ஜலவாதிகள் எண்ணிக்கையில் மிக்கவர். வெளியூரிலிருந்து வந்து குடியேறியோரில் பெரும்பாலோர் இம்மதத்தினரே. 'இந்த ஊர்த் தண்ணி சரியில்லை' என்பது இவர்களுடைய மூல மந்திரம். போர்வெல் நீரிலும் டாங்கர் நீரிலும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்து, சோப்போடு கூடிப் படிந்து, கூந்தலைச் சொரசொரப்பாக்கும் என்பது மெய்யே. ஆனால் முழுக் குற்றத்தையும் நீர்மேல் சுமத்துமுன் சாட்சியை விசாரித்தல் வேண்டும். சீப்பில் வந்த ரோமத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க: அடியில் வெண்மையான சிறு வேர்க்குமிழ் இருப்பின் அது தன் ஆயுள் முடிந்து உதிர்ந்தது, நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அவ்வாறு உதிர்வது இயல்பு. வேர்க்குமிழின்றிக் குட்டையாக இருப்பின் அது உதிர்ந்ததன்று, முறிந்தது. முறித்த கை பெரும்பாலும் இடுக்கி பிடித்த கையே. நீரைக் கூட்டாளி எனலாமே தவிர முதற் குற்றவாளி எனலாகாது.

பார்லர்வாதிகள், ஒரே அமர்வில் கேசம் மறுபிறவி எய்தும் என்று போதிப்பவர்கள். இவர்களுடைய மகா வேள்விக்குக் 'கெரட்டின் ட்ரீட்மென்ட்' என்று பெயர். இவ்வேள்வியில் ஒரு திரவத்தைப் பூசி, அத்திரவம் ரோமத்தின்மேல் படியும்பொருட்டு மிகுந்த உஷ்ணத்தில் இடுக்கியைப் பலமுறை இழுப்பார்கள். இத்தகைய திரவங்கள் பலவற்றிலிருந்து சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வெளிப்படுகிறது. கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் ஜாடிக்குள் கிடக்கும் தவளையைக் கெடாமல் காப்பதும் அதே பொருளின் கரைசல்தான். தவளைக்கு அதனால் விளைந்த பளபளப்பை மறுப்பார் இல்லை. அது உயிர்பெற்றுத் துள்ளியதாக மட்டும் எவரும் சொல்லார். மேலும், இடுக்கியால் வந்த நோய்க்கு இடுக்கியையே மருந்தாக விதிப்பது தர்க்கத்துக்கும் ஒவ்வாது.

தைலவாதிகளின் ஆசாரியர் பாட்டிமார். 'வெள்ளிக்கிழமை எண்ணெய் வெக்காத தலைக்கு ஆயிரம் ரூவா ஷாம்பு எதுக்குடி கண்ணு?' என்று அல்சூர்ப் பாட்டியார் ஒருவர் பேத்தியிடம் எழுப்பிய வினாவில் இம்மதத்தின் சாரம் முழுதும் அடங்கும். ரேலே, மொஹிலே என்னும் இருவர் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் ஆகிய மூன்றையும் சோதித்து, கூந்தலினின்றும் புரதம் கழிவதைத் தடுத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று கண்டனர். அதிலுள்ள லாரிக் அமிலம் ரோமத்தின் உள்ளே ஊடுருவுவதே காரணம். தலை குளிப்பதற்கு முன் எண்ணெய் வைத்தல் என்ற பாட்டிமார் விதி இவ்வாறு ஆய்வுச்சாலை முத்திரையைப் பெற்றது. ஆயினும் எண்ணெய் தேய்த்தால் முடி முழங்கால்வரை வளரும் என்று அவர் மேலும் சொல்வது அன்பின் மிகுதியால் வந்தது. வளர்ச்சி தோலுக்கு அடியில் வேரில் நிகழ்வது. வெளியே வந்த ரோமத்துக்கு எண்ணெய் காவல் நிற்குமே ஒழிய, நீளம் கூட்டாது.

சித்தாந்தம்

மூன்று மதத்தாரும் ஒருங்கே மறந்த உண்மை ஒன்றுண்டு: தோலைவிட்டு வெளிப்பட்ட ரோமம் உயிரற்றது. அதில் ரத்தமில்லை, நரம்பில்லை. ஆதலால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. வலியற்ற அப்பொருளுக்குத் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் சக்தியும் இல்லை. பிளந்த நுனியைச் சீரம் தற்காலிகமாக ஒட்டும். அடுத்த குளியலில் மீண்டும் பிளக்கும். ஆகவே 'சேதமுற்ற கேசத்தைப் பழுதுபார்த்தல்' என்பது ஆகாயத் தாமரை பறித்தலே.

அப்படியாயின் கதியில்லையோ எனின், உண்டு. அதைக் காட்டியவள் திரௌபதி. திகளர்பேட்டைத் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து சித்திரா பௌர்ணமி இரவில் புறப்படும் கரகம் அவளுடைய திருவிழா. தமிழ் வேரினரும், இந்நகரின் தோட்டக்கலையை வளர்த்தவருமான திகளர்கள் அதை நடத்துகின்றனர். சபையில் துச்சாதனன் பற்றி இழுத்த கூந்தலைச் சபதம் நிறைவேறும்வரை முடியேன் என்று அவள் விரித்துவிட்டாள் என்பது மரபு. வனவாசம் 12, அஞ்ஞாதவாசம் 1, ஆக 13 ஆண்டுகள். அக்கடைசி ஆண்டில் விராட மன்னன் மனைவி சுதேஷ்ணைக்குச் சைரந்திரியாக அமர்ந்து, தன் கூந்தலை முடியாதவள் பிறர் கூந்தலை அலங்கரித்துக் கூலி பெற்றாள் என்பது தொழில் நேர்மைக்கு ஒப்பற்ற உதாரணம்.

இங்கே சிறிது கணக்குப் போடுவோம். ஒரு ரோமம் வளரும் காலம் இரண்டு முதல் ஏழு ஆண்டுகள். பிறகு சில மாதம் ஓய்ந்து உதிர்ந்துவிடும். எனவே குருக்ஷேத்திரம் முடிந்து அவள் கூந்தலை முடிந்தபோது, துச்சாதனன் கை பட்ட ரோமத்தில் ஒன்றேனும் அவள் தலையில் மிஞ்சியிருக்க நியாயமில்லை. அவமானப்பட்ட கூந்தலை அவள் செப்பனிடவில்லை. அதன் இடத்தில், தீண்டப்படாத வேறொரு கூந்தல் முழுதும் வந்து சேரும்வரை இருந்தாள். உஷ்ணத் துறவின் சித்தாந்தமும் இதுவே: பழையதற்குச் சிகிச்சையில்லை, புதியதற்குக் காவல் உண்டு. மாதம் ஒன்றுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் அப்புதியது வரும். 60 சென்டிமீட்டர்க் கூந்தலின் நுனி ஐந்து ஆண்டுச் சனிக்கிழமைகளின் சூட்டைத் தாங்கியது. வேரோ இன்றுதான் உலகைக் காண்கிறது. நுனிக்கு விடைகொடுத்து வேருக்குக் காவல் நிற்க.

அனுஷ்டானம்

முதற் கடமை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியைச் சிறிது கத்தரித்தல். பிளவு மேலேறாதிருக்க இதுவே வழி. இரண்டாவது, ஈரக் கூந்தலை இதமாக நடத்துதல். நீரில் ஊறிய ரோமம் எளிதில் நீண்டு முறியும். ஆதலால் முறுக்கிப் பிழியாது பருத்தித் துண்டால் ஒற்றி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே சென்று சிக்கெடுக்க வேண்டும். மூன்றாவது, கண்டிஷனர். சேதமுற்ற ரோமத்தில் எதிர்மின் தன்மை மிகுவதால், நேர்மின் தன்மையுள்ள கண்டிஷனர் சேதம் மிகுந்த இடத்தையே தேடிப் படிகிறது. அதை உச்சியில் பூசாமல் கீழ்ப்பாதியில் பூசுவோரே அதன் உட்கருத்தை அறிந்தோர்.

துறவின் முதலாண்டு சோதனைக்காலம். மேலே இயற்கை அலை, கீழே பழைய நேர்கோடு என இருவகையும் ஒரே தலையில் விளங்கும். இந்தத் துவைதத்தைப் போக்க வல்லது தளர்ந்த பின்னல் ஒன்றே. காந்தி பஜாரில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துவிட்டால், எவரும் அதற்குமேல் விசாரணை செய்யார். தங்கை கல்யாணம் போன்ற நெருக்கடியில் விரதம் தவறுமாயின், அதற்கு ஆபத்தர்மமும் விதிக்கப்பட்டுள்ளது: கூந்தல் முற்றும் உலர்ந்திருக்க வேண்டும், எண்ணெய்ப் பசை கூடாது, ஹீட் புரொடெக்டன்ட் பூசி, குறைந்த சூட்டில், ஓரிடத்தில் ஒரு முறைக்குமேல் இழுக்கலாகாது. மறுநாள் இடுக்கியைத் திரும்ப அலமாரியில் வைத்தல் பிராயச்சித்தம்.

பலசுருதி

இவ்வாராய்ச்சியைக் காலையில் படிப்போரும், மாலையில் படிக்கக் கேட்போரும், பிரதி எடுத்துப் பிறர்க்கு அளிப்போரும் மாதந்தோறும் 1 சென்டிமீட்டர் கேசவிருத்தி அடைவர். படிக்காதோரும் அதே அளவு அடைவர். ஆயினும், அடைந்ததை இடுக்கியிடம் ஒப்படைக்காதிருக்கும் புத்தி மட்டும் படித்தோர்க்குக் கூடுதலாகச் சித்திக்கக் கடவது.