பெட்டியைத் திறந்து பாரும் மருமவனே

என்ன மருமவனே, காலையில இருந்து வலது கிளிக்கைத் தட்டித் தட்டி ‘ரெஃப்ரெஷ்’ போட்டுக்கிட்டே இருக்கீரு, ஏதும் வேண்டுதலா? நூத்தியெட்டு தடவை தட்டினா வேகம் பிச்சுக்கிட்டு வரும்னு எந்தச் சாமியாடி சொன்னான் உமக்கு? அது திரையில கெடக்க ஐகானை எல்லாம் மறுபடி ஒருதரம் வரைஞ்சு காட்டும், அம்புட்டுதான். மெமரியில ஒரு துரும்பு நகராது. ஆனாலும் விடாம தட்டுதீரே, உம்ம பக்தியைப் பாத்தா எனக்கே கன்னத்துல போட்டுக்கிடத் தோணுது.

சரி, மூஞ்சியைத் தூக்காதேயும். கூட்டாளி எவனோ, “கிராபிக்ஸ் கார்டு போடு, பறக்கும்”னானாம். நீரும் ரூபாயை எண்ணி வச்சிட்டீராம், உங்கம்மை சொன்னா. உம்ம சோலி என்னவே? டேலியில பில்லு போடணும், ஜிஎஸ்டி ஏத்தணும், மத்தியானம் கடையில ஆள் இல்லாத நேரம் யூடியூப்புல பழைய சிவாஜி படம். இதுக்கு எதுக்குவே அம்மாம்பெரிய கார்டு? சிவாஜி அழுதா கண்ணீர் கூடக் கொஞ்சம் தெரியும்னா? கேம் ஆடுதவன் வாங்கட்டும், வீடியோ வெட்டி ஒட்டுதவன் வாங்கட்டும். அவங்க கேட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன்.

வால்வு ரேடியோ காலத்துல இருந்து கழட்டிப் பழகின கை இது. எந்த எடத்துல திணறுதுன்னு மொதல்ல பாக்கணும், பொறவுதான் பையில கை விடணும். இந்தாரும், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் ஒரேயடியா அமுக்கும். டாஸ்க் மேனேஜர் வந்திருச்சா? பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் தொறந்து வச்சுக்கிட்டு டேலியைத் தட்டும். சும்மா இருக்கும்போது பாத்துப் பிரயோசனம் இல்ல, அது முக்கி முனங்கும்போது பாக்கணும். என்ன காட்டுது? சிபியு 12 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். ஆக, உம்ம ஐ5 கையைக் கட்டிக்கிட்டு நிக்கி, ஹார்ட் டிஸ்க்கு எப்ப எடுத்துக் குடுக்கும்னு. இதுல நீரு கார்டு ஒண்ணை மாட்டினா அதுவும் பக்கத்துல வந்து வரிசையில நிக்கும்.

ஹார்ட் டிஸ்க்குக்குள்ள தட்டு நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துது. படிக்கிற முனை வேண்டிய எடத்துக்கு நகரணும், தட்டு சுத்தி அந்த எடம் வார வரைக்கும் காத்துக் கெடக்கணும். ஒவ்வொரு தரத்துக்கும் பத்து மில்லிசெகண்டுக்கு மேல போயிரும். பத்துதானேன்னு சிரிக்காதேயும். விண்டோஸ் எழும்பி உக்காருததுக்கு ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைலை மூலைக்கு மூலை பொறுக்கணும். கூட்டிப் பாரும், ஒரு டீ குடிச்சிட்டு வந்திரலாம். அதுக்குப் பதிலாப் போடுத எஸ்எஸ்டியில தட்டும் கெடையாது, முனையும் கெடையாது. அதே தேடுத சோலி ஒரு மில்லிசெகண்டுல பத்துல ஒரு பங்குக்குள்ள முடிஞ்சிரும். கடைக்காரன் “நொடிக்கு 500 எம்பி சார்”னு அட்டையைக் காட்டுவான். உமக்குச் சொகம் தெரியப்போறது அந்த 500-ல இல்ல, இந்தத் தேடுத நேரம் ஒழிஞ்சதுல. அதனால “என்விஎம்இ போட்டா இன்னும் வேகம்”னு எவனாவது ஆசை காட்டினா மயங்காதேயும். உம்மது 2013-ல வந்த நாலாம் தலைமுறைச் சாமான். என்விஎம்இ-யைச் சொருக அந்த போர்டுல எடமே இல்ல. ரெண்டரை இஞ்சு சாட்டா எஸ்எஸ்டி, 250 ஜிபி அளவு, போதும். மாத்துததுக்கு முன்னால டேலி டேட்டாவை வெளிய ஒரு டிரைவுல எடுத்து வச்சிரும். பழைய டிஸ்க்கைத் தூக்கி எறியாதேயும், போட்டோவும் கல்யாண வீடியோவும் அதுல கெடக்கட்டும்.

அடுத்தது ரேம். நாலு ஜிபி, அதுவும் ஒத்தைத் துண்டு. ரெடிமேடா பெட்டி விக்கிறவங்க இப்படி ஒண்ணைச் சொருகி அனுப்புதது உண்டு. பாதை ரெண்டு இருக்கும், ஒண்ணு வெறுங்காத்து வாங்கும். ரெட்டை மாட்டு வண்டியில ஒத்தை மாட்டைப் பூட்டின கதை. அதே அளவுல, அதே வேகத்துல இன்னொண்ணு போட்டீருன்னா டூயல் சேனல்ல ஓடும். தனிக் கார்டு இல்லாத மிஷினுக்கு இது கூடுதல் லாபம்வே. சிபியுக்குள்ள இருக்க கிராபிக்ஸ் இந்த ரேம்லதான் கை வச்சுப் பிழைக்குது. உம்ம சிவாஜிக்கும் இதுல பங்கு உண்டு. ஆனா விண்டோஸ் 64 பிட்டான்னு பாத்துக்கிடும். 32 பிட்டா இருந்தா நீரு பதினாறு ஜிபி போட்டாலும் நாலுக்கு மேல அது தொடாது. கடையில டிடிஆர்3 கேளும். டிடிஆர்4-ஐ நீட்டினா வாங்காதேயும், காடி வேற எடத்துல இருக்கும். உக்காரலையேன்னு பெருவிரலை வச்சு அமுக்கி போர்டை ஒடிச்ச கெட்டிக்காரங்களை எனக்குத் தெரியும், பேரு வேண்டாம்.

அந்தக் கார்டு ஆசை இன்னும் கண்ணுல தெரியுதே! கேளும். உம்ம பெட்டி ஒல்லிப் பெட்டி, முழு உயரக் கார்டு உள்ளயே போகாது. போர்டுல இருக்க சொருகுவழி குடுக்கதெல்லாம் 75 வாட்டுதான். அதுக்கு மேல திங்குத கார்டுக்கு, கரண்டு குடுக்குத எஸ்எம்பிஎஸ்-ல இருந்து தனி ஒயர் வேணும், உம்மதுல அது கெடையாது. எஸ்எம்பிஎஸ்-ஐ மாத்திருவோம்ங்கீரா? சந்தையில கிடைக்கிறதுல போர்டுக்குப் போற பிளக்கு 24 பின். உம்மது மாதிரி டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020-ல எல்லாம் அது 8 பின். கன்வெர்ட்டர் ஒயர் தேடணும், அது கிடைச்சாலும் புது டப்பா அந்த ஒல்லிக் கூட்டுக்குள்ள அடங்காது. கம்பெனிக்காரன் தன் அளவுக்குத் தைச்ச சட்டை அது, நீரு வயிறு பெருத்தா அவன் என்ன செய்வான்?

மத்ததெல்லாம் காசில்லாத சோலி. டாஸ்க் மேனேஜர்லயே ஸ்டார்ட்அப்னு ஒரு பக்கம் இருக்கு, அங்க வேண்டாததை எல்லாம் டிசேபிள் பண்ணும். ஆன்டிவைரஸ் ரெண்டு வச்சிருக்கீரு. ஒருத்தன் தொறக்குற ஃபைலை இன்னொருத்தன் சந்தேகப்பட்டுக்கிட்டே இருக்கான், ஒண்ணை அனுப்பி விடும். பொறவு தூசி. பிளக்கைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை ஒருதரம் அமுக்கி மிச்ச கரண்டை வடிச்சு, இரும்புக் கூட்டைத் தொட்டுட்டு உள்ள கை விடும். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கிடும். காத்துல அது தறிகெட்டுச் சுத்தினா பேரிங் போயிரும். சிபியு மேல தடவின பேஸ்ட் வருஷக்கணக்குல காஞ்சு கெடக்கும், புதுசா ஒரு பொட்டு வையும். சூடு ஏறினா சிபியு தானா வேகத்தைக் குறைச்சுக்கிடும், அதுக்கு அறிவு உண்டு.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட்டு வழக்கமான ஆதரவை நிறுத்திட்டான். 11-க்கு டிபிஎம் 2.0 கேப்பான், இன்டெல்லுன்னா பொதுவா எட்டாம் தலைமுறையில இருந்துதான் சேத்துக்கிடுவான். குறுக்கு வழியில ஏத்துதவன் இருக்கான். பேங்கு பாஸ்வேர்டு போடுத மிஷினுல அந்த வெளையாட்டு வேண்டாம்வே. இன்னைக்கு இல்லைன்னாலும் ஒருநாள் வேற பெட்டி வாங்கத்தான் போறீரு. அன்னைக்கு எஸ்எஸ்டியைக் கழட்டிக் கொண்டுபோய் அதுல மாட்டிக்கிடலாம், அந்தக் காசு வீண் போகாது. டிடிஆர்3 கூட வராது. அதனால எஸ்எஸ்டி புதுசா வாங்கும், ரேமைப் பழைய சாமான் கடையில பேரம் பேசி வாங்கும். பேரம் பேச வாய் வரலைன்னா என்னையும் கூட்டிக்கிடும். டீயும் உளுந்தவடையும் உம்ம செலவு.