பெர்லின் கடிதம்: வாசலில் வைத்த அட்டைப்பெட்டி

பெர்லினில் கிறிஸ்துமஸ் விடுமுறை முதலில் கடைக்காரர்களுக்குத்தான். டிசம்பர் 24 மதியம் 2 மணிக்குக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. அதை ஒட்டி ஒரு ஞாயிறும் வந்து விழுந்தால் ஊரே கதவடைப்புதான். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை 1919-ஆம் ஆண்டின் வைமர் அரசியல் சட்டம் எழுதிவைத்தது. 1949-இல் வந்த இன்றைய சட்டம் அந்தப் பிரிவை அப்படியே சுவீகாரம் எடுத்துக்கொண்டது. திறந்திருப்பவை ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்க், ‘ஷ்பேட்டி’ என்கிற மூலைக்கடை. அங்கே பாலும் பீரும் கிடைக்கும். சித்தப்பா கேட்ட சென்ட் கிடைக்காது. ஊருக்குப் பரிசு வாங்குவதைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடும் தமிழருக்கு இந்த நாட்களில் மிச்சமிருக்கும் ஒரே வேலை, குல்லாய் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடப்பது.

நடந்தால் கண்ணில் படுவது அட்டைப்பெட்டி. வீட்டு வாசலில், ஜன்னல் விளிம்பில், மரத்தடியில் இருக்கும். மேலே தடித்த பேனாவால் ‘சூ ஃபெர்ஷெங்கன்’ என்று எழுதியிருப்பார்கள்: இலவசம், எடுத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு வீட்டின் பரணே இறங்கி உட்கார்ந்திருக்கும்.

இதைத் தர்மம் என்று நினைத்துக் கும்பிட வேண்டியதில்லை. காரணங்கள் வேறு. நகரத்தின் பழைய குடியிருப்புகள் நாலைந்து மாடி உயரம். பலவற்றில் லிஃப்ட் கிடையாது. ஒருமுறை கீழே இறக்கிய சாமானைத் திரும்ப மேலே தூக்கிப்போக யாருக்கும் முழங்கால் சம்மதிப்பதில்லை. பெரிய சாமான்களை மாநகரத் துப்புரவு நிறுவனம் வீட்டுக்கே வந்து எடுக்கக் கட்டணம் உண்டு. அதன் சேகரிப்பு மையத்துக்கு நாமே கொண்டுபோனால் இலவசம். ஆனால் அதற்கு வண்டி வேண்டும். நல்ல பொருளைக் குப்பையில் போடுவதற்கு ஜெர்மானிய மனசாட்சி இடம் கொடுப்பதுமில்லை. முழங்கால், காசு, மனசாட்சி மூன்றும் சேர்ந்து அந்தப் பெட்டியை வாசலில் வைக்கின்றன. டிசம்பரில் புதுப் பரிசுகள் வீட்டுக்குள் வர, பழையவை அலமாரியைக் காலி செய்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், இது சட்டப்படி தப்பு. நடைபாதையில் சாமானை விட்டுப்போவது குப்பை கொட்டுவதாகவே கணக்கு, அபராதம் போடலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியே வராத சாலையைக்கூடக் கடக்காத பெரியவர்கள், இந்த ஒரு சட்டத்தை மட்டும் காணாததுபோல் தாண்டிப்போகிறார்கள். ஆனால் மழை ஒரு ராத்திரி பெய்தால் போதும், பரிசு குப்பையாகிவிடும். துப்புரவு நிறுவனத்தின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அந்த நிறுவனமே 2020-இல் ரைனிக்கண்டோர்ஃப் பகுதியில் ‘நோஹ்மால்’ என்ற பெயரில் பழைய பொருள்களுக்கென்று ஒரு பெரிய கடையைத் திறந்திருக்கிறது. முறையாக வாங்க விரும்புகிறவர்கள் வேலை நாளில் அங்கே போகலாம். பெட்டியைக் கிளறும் சுகம் அங்கே இல்லை.

பெட்டிக்குள் பெரும்பாலும் அசடான சாமான்கள்தான்: மூடியில்லாத டப்பா, டப்பாவில்லாத மூடி, வீடியோ கேசட், துண்டுகள் குறையும் படப்புதிர், ஒருகாலத்தில் நாகரிகமாக இருந்த ஃபாண்ட்யூ பாத்திரம். ஆனால் கிழக்கு பெர்லின் பக்கத்து வாசல்களில் சில சமயம் ‘சூப்பர்ஃபெஸ்ட்’ டம்ளர் கிடைக்கும். இதற்காகவே நடக்கலாம். கிழக்கு ஜெர்மனியில் ஷ்வெப்னிட்ஸ் என்ற ஊர் ஆலையில் 1980-இலிருந்து 1990 வரை செய்யப்பட்டவை இவை; 10 கோடிக்கும் மேல் செய்தார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சோடியம் அயனிகளை எடுத்துவிட்டு, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகளை நெருக்கி உட்காரவைப்பது செய்முறை. அந்த நெரிசலில் கண்ணாடி இறுகி, கீழே விழுந்தாலும் எளிதில் உடைவதில்லை. உடையாத டம்ளரை விற்றுவிட்டு அடுத்த டம்ளரை யாருக்கு விற்பது என்று மேற்கத்திய வியாபாரிகள் ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். இரு ஜெர்மனிகளும் இணைந்ததோடு உற்பத்தியும் நின்றது. ஊரில் மருமகன் கேட்டிருக்கும் விலையுயர்ந்த போனின் திரைக்கண்ணாடிக்கும் ஏறக்குறைய இதே வேதியியல்தான். டம்ளரைக் கொடுத்து இதை விளக்கினால் அவர் சமாதானமாவார் என்று எதிர்பார்க்க முடியாது.

அதே கிழக்கு ஜெர்மனியின் இன்னொரு பொக்கிஷம் ‘ஆர்ஜி 28’ என்ற கைமிக்ஸர். சூல் நகரத்தில் செய்தது. நாடு போய்விட்டது, மிக்ஸர் ஓடிக்கொண்டிருக்கிறது. முட்டை அடிக்கும், மாவு பிசையும். சட்னி அரைக்காது என்பதால் தமிழ்ச் சமையலறையில் அதற்கு மரியாதை குறைவு.

தமிழ்ச் சமையலறை கைதட்டி வரவேற்பது தெற்கு ஜெர்மனியின் ஷ்பெட்ஸ்லே அச்சைத்தான். அவர்கள் முட்டை மாவை அதிலிட்டுக் கொதிநீரில் பிழிவார்கள். உள்ளே மாவு, அடியில் துளைகள், மேலே இரண்டு கைப்பிடிகள்; இடியாப்பம் பிழிய இதற்குமேல் என்ன வேண்டும்? இழை கொஞ்சம் தடித்து வரும். தேங்காய்ப்பால் ஊற்றினால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

காபி வடிகட்டியும் அடிக்கடி கண்ணில் படும். டிரெஸ்டன் நகரத்துக் குடும்பத்தலைவி மெலிட்டா பென்ட்ஸ் 1908-இல் காகித வடிகட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலேயே நிறுவனம் இன்றும் நடக்கிறது. அதன் பீங்கான் கூம்பு பார்க்க அழகு. ஆனால் அதில் இறங்கும் டிகாஷன் பால் விட்டால் தாங்காது. கும்பகோணம் பக்கத்து மாமியாருக்கு இதைப் பரிசாகக் கொண்டுபோவது துணிச்சலான காரியம்.

புத்தகங்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. பழைய தொலைபேசிக் கூண்டுகளையும் அலமாரிகளையும் தெருவோர நூலகமாக்கி வைத்திருக்கிறார்கள். பதிவேடும் இல்லை, காவலும் இல்லை. பிரென்ஸ்லவர் பெர்க் பகுதியில் வெட்டிய மரத்தண்டுகளைக் குடைந்து, அதற்குள் புத்தகங்களை அடுக்கியிருக்கிறார்கள். சமையல் நூலும் துப்பறியும் நாவலும் எப்போதும் இருக்கும்.

கிளறுவதிலும் ஒழுங்கு உண்டு. பெட்டியைக் கவிழ்க்கக் கூடாது. பெட்டியோடு தூக்கக் கூடாது. பூட்டில்லாமல் நிற்கும் சைக்கிள் பரிசு அல்ல. மெத்தை, சோபா பக்கமே போகக் கூடாது; மூட்டைப்பூச்சி இலவச இணைப்பாக வரும். குப்பைத்தொட்டி அருகே நிறுத்திவைத்த காலி பாட்டில்களும் வழிப்போக்கருக்கு அல்ல. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் என்று கடையில் முன்பணம் திரும்பக் கிடைக்கும். பாட்டில்களைச் சேகரித்துப் பிழைப்பவர்கள் குப்பைக்குள் கையை விடாமல் எடுக்கத்தான் வெளியே வைக்கிறார்கள்.

விடுமுறை முடிந்து கடை திறந்ததும் கிறிஸ்துமஸ் தாத்தா சாக்லேட்டுகள் விலை குறையும். மிஞ்சியவற்றை உருக்கி ஈஸ்டர் முயலாக்குவார்கள் என்று இங்கே குழந்தைகள்கூட நம்புகிறார்கள், அது வதந்தி. ஊருக்கு வாங்க ஏற்ற பொருள் இதுதான், விமானத்தில் உடையாமல் வந்தால்.

டிசம்பரில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் மடித்த மஞ்சப்பை ஒன்றைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. கடையில் பைக்குக் காசு கேட்பார்கள். தெருப்பெட்டியில் பையே தருவதில்லை.