புறம்போக்குச் சீட்டு

காவிரிப் படுகையில் சீட்டாட்டத்துக்கும் ஒரு பட்டம் உண்டு. உளுந்து தெளித்து, தை அறுவடையும் முடிந்து, களம் காலியானதும் அது தொடங்கும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் மதகைத் தூக்கும்வரை நீடிக்கும். ஆற்றில் மணல் மட்டும் கிடக்கும் மாதங்கள் அவை. பம்புசெட் கொட்டகை, பிள்ளையார் கோயில் வேப்பமரம், மூடிக் கிடக்கும் ரைஸ்மில்லின் திண்ணை என்று எங்கே நிழல் விழுகிறதோ அங்கே ஒரு கோரைப்பாயும் விழும். 2024-இல் மேட்டூர் ஜூலை 28 வரை திறக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் ஊர்ச் சீட்டுக்கட்டு நைந்து ஸ்பேடு ராணியின் முகமே அழிந்துபோனது. முகம் இல்லாதவள் ராணி என்று பழகிக்கொண்டோம்.

ஆட்டம் என்றால் ரம்மி. கையில் 13 சீட்டு, ஒரு வெட்டு ஜோக்கர், ஒரிஜினல் ரம்மி ஒன்றாவது சேர வேண்டும், சேராது என்று தெரிந்தவன் ஸ்கூட் போகலாம். கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு மண்டபத்து மாடியில் விடிய விடிய ஆடுவார்கள். சம்பந்திகளுக்குள் முதல் மனஸ்தாபம் வருவது பந்தியில் என்பார்கள். எங்கள் பக்கம் அது பாயிலேயே வந்துவிடும். மூணு சீட்டும் மங்காத்தாவும்கூட உண்டு. ஆனால் அவற்றை ஆடுகிறவர்கள் யாரும் ஆடுவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்: பணம் வைத்துச் சூதாடியவர்கள் கைது, ரொக்கமும் 52 சீட்டுகளும் பறிமுதல். ஒன்று குறைந்தால் வழக்கு நிற்காதோ என்னவோ, நான் படித்தவரை எப்போதும் 52 தான்.

ரம்மிக்காரர்கள் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள ஒரு தீர்ப்பு இருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம், மூணு சீட்டைப்போல முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்று 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான என் பெரியப்பா, பாயில் உட்காரும்போதெல்லாம் பெரியம்மாவிடம் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுவார். பெரியம்மா அதை இதுவரை விசாரணைக்கே ஏற்றுக்கொள்ளவில்லை.

போக்கருக்கு அந்த நிம்மதியும் கிடைக்கவில்லை. பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடுக்கத் தமிழக அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அது சட்டமானது, 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-இல் சட்டமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றி, ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லியே அதிர்ஷ்ட ஆட்டங்களின் அட்டவணையில் சேர்த்தது. ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை இருக்கவிட்டு, அட்டவணையில் இருந்த அந்த இரண்டு பெயர்களை மட்டும் எடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களுக்கும் தடை போட்டது. ஆகப் போக்கர் ஆடத் தெரிந்தவர்களைவிட அதைப் பற்றி வாதாடத் தெரிந்தவர்கள்தான் தமிழ்நாட்டில் அதிகம்.

எங்கள் ஊரில் இரண்டுமே யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு டல்லாஸிலிருந்து வந்த அக்கா மகன்தான் இந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பினான். “போக்கர்ல ஹோல்டெம்னு ஒரு ஆட்டம் மாமா. பத்து நிமிஷத்துல கத்துக்கலாம்.” டெக்சாஸில் ராப்ஸ்டவுன் என்றொரு சிற்றூரில் பிறந்த ஆட்டமாம், தங்கள் மாநிலத்து ஊருக்குத்தான் அந்தப் பெருமை என்று டெக்சாஸ் சட்டமன்றமே தீர்மானம் போட்டிருக்கிறதாம். 1960-களில் லாஸ் வேகாஸுக்குப் போய், 1970-இல் உலகப் போட்டி தொடங்கி, பிறகு உலகத்தையே பிடித்துக்கொண்டது. ராப்ஸ்டவுனைச் சுற்றிப் பருத்திக் காடு என்று அவன் சொன்னதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளாமைக்காரன் கண்டுபிடித்த ஆட்டம் என்றால் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

காணும் பொங்கல் இரவு. பாயில் பெரியப்பா, ஒரத்தநாட்டிலிருந்து வந்திருந்த மச்சான், நெல் தரகர், நான். சீட்டுப் போட்டது அக்கா மகன். பணம் கிடையாது என்று பெரியம்மா உத்தரவு. ஆளுக்கு ஒரு படி புளியங்கொட்டை அளந்து கொடுத்தாள். கொட்டைப்பாக்கு ஒன்றுக்குப் புளியங்கொட்டை பத்து. இவர்களைத் தவிர, எங்கள் ஊர்ச் சீட்டாட்டத்தின் நிரந்தர அங்கமான கோடி வீட்டு மாமாவும் வந்து நின்றார். அவர் எந்த ஆட்டமும் ஆடமாட்டார். பின்னால் நிற்பார்.

“ஆளுக்கு ரெண்டு சீட்டு கவுத்துப் போடுவேன். நீங்க மட்டும் பாக்கணும். அப்புறம் நடுவுல அஞ்சு சீட்டு திறந்து வைப்பேன். அது எல்லாருக்கும் பொது” என்றான் அக்கா மகன்.

முதல் கையிலேயே தகராறு. நடுவில் மூன்று சீட்டைத் திறந்ததும் மச்சான் டைமன் ராஜாவை எடுத்துத் தன் கையில் சொருகிக்கொண்டார்.

“சித்தப்பா, அதை எடுக்கக் கூடாது. அது பொது.”

“பொதுன்னா எடுக்கலாம்னுதானே அர்த்தம்?”

எங்கள் பக்கத்தில் பொது என்று கிடக்கும் எதையும் யாரும் சும்மா விட்டுவைத்ததில்லை. வாய்க்கால் கரையில் தென்னை வைத்தவர் உண்டு. குளத்தின் ஒரு மூலையைக் கொல்லையாக்கியவர் உண்டு. மச்சானிடமிருந்து ராஜாவை மீட்கச் சற்று நேரம் பிடித்தது. பெரியப்பாதான் வழி கண்டுபிடித்தார். “ஏய், இப்படி வச்சுக்க. கையில உள்ள ரெண்டும் பட்டா. நடுவுல கிடக்கிற அஞ்சும் புறம்போக்கு. புறம்போக்குல யாரு வேணும்னாலும் ஆடு மேய்க்கலாம். வேலி மட்டும் அடைக்க முடியாது. பட்டாவும் புறம்போக்குமா மொத்தம் ஏழு. அதுல நல்லதா அஞ்சைக் காட்டுறவன் ஜெயிச்சான்.” இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. உன் பட்டா எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எதிரே இருக்கும் புறம்போக்கோடு எப்படிச் சேருகிறது என்பதுதான் கணக்கு என்று சொன்னால், டெல்டாவில் பிறந்த குழந்தைக்கும் புரியும்.

அடுத்து, எது எதை வெல்லும் என்ற பாடம். ஒரு ஜோடி, அதைவிட இரண்டு ஜோடி, அதைவிட ஒரே எண்ணில் மூன்று. ஐந்தும் வரிசையாக வந்தால் இன்னும் பெரிது. ஐந்தும் ஒரே ஜாதியாக, எல்லாம் கிளாவர் அல்லது எல்லாம் ஆர்ட்டின் என்று வந்தால் வரிசையையும் அடித்துவிடும். “இங்கேயும் ஜாதிதான் ஜெயிக்குதா?” என்றார் பெரியப்பா வருத்தத்தோடு. “இல்ல தாத்தா. மூணும் ரெண்டுமா சேர்ந்த ஃபுல் ஹவுஸ் அதை அடிச்சிரும்.” அதில் குறைந்தது மூன்று ஜாதியாவது கலந்திருக்கும், அதற்கும் மேலே இருக்கிற, ஒரே எண்ணில் நான்கு வரும் கையில் நான்கு ஜாதியும் உண்டு. பெரியப்பா முகம் மலர்ந்தது. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரே ஜாதியில் ஒரே வரிசை உட்கார்ந்திருக்கிறது என்பதை அக்கா மகன் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னான். “அப்போ ஊரு மாதிரியேதான்” என்று முடித்துவிட்டார் பெரியப்பா.

ஆனால் அவர் வாத்தியார். காரணம் தெரியாமல் எந்த வரிசையையும் ஒப்புக்கொள்ள மாட்டார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். 52 சீட்டில் ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். அதில் வரிசை 10,200; ஒரே ஜாதி 5,108; ஃபுல் ஹவுஸ் 3,744. அரிதாக வருவது உயர்ந்தது, அவ்வளவுதான். கையில் வரும் இரண்டுமே ஆஸாக இருப்பது 221 கைக்கு ஒரு தடவை. “ஜாதி பெருசுன்னு எவனும் எழுதி வைக்கல. எண்ணிக்கை குறைவு, அதான்” என்று அறிவித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் அதற்குள் முறுக்குத் தட்டை முடித்திருந்தோம்.

பந்தயத்தில்தான் பொழுது போனது. போடுகிறவனுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், சீட்டு வருமுன்பே கட்டாயமாக வைக்க வேண்டும். ஒருவர் சின்னது, அடுத்தவர் அதைப்போல் இரண்டு மடங்கு. மூணு சீட்டில் ப்ளைண்ட் ஆடுவது வீரம். இங்கே அது கடமை. பிறகு இரண்டு சீட்டைப் பார்த்து ஒரு சுற்று, நடுவில் மூன்று திறந்ததும் ஒரு சுற்று, நாலாவது சீட்டுக்கு ஒன்று, ஐந்தாவதுக்கு ஒன்று. யாரும் வைக்காதபோது செக் என்று சும்மா இருக்கலாம். வைத்துவிட்டால் சமமாக வைக்கலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கீழே வைத்துவிடலாம். நடுச்சீட்டைத் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் மேல் சீட்டு ஒன்றைக் கவிழ்த்து ஒதுக்க வேண்டும். மச்சான் அதையும் நம்பவில்லை. “எதுக்கு ஒளிக்கிறே? திறந்து காட்டு!” ஐந்தாவது சீட்டுக்கு ரிவர் என்று பெயர் எனச் சொன்னதுதான் அக்கா மகன் செய்த தவறு. உடனே பேச்சு காவிரி, பிலிகுண்டுலு, ஆணையம், 177.25 டி.எம்.சி. என்று போய்விட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கும்போது யாருடைய முறை என்பது எல்லோருக்கும் மறந்திருந்தது.

முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது அடுத்த பாடம். அதைக் கோடி வீட்டு மாமா இருக்கும்வரை நடத்த முடியாது. அவர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று, சீட்டைப் பார்த்து, “ச்சொச்சொ” என்பார். நல்ல கை என்றால் துண்டை உதறித் தோளில் போடுவார். என் கையில் ஜாக்கி ஜோடி வந்தபோது, “மாப்ளே, ரெண்டு ஜாக்கிய வச்சுக்கிட்டு ஏன் முழிக்கிறே?” என்றார். மூன்று பேரும் நிம்மதியாகச் சீட்டைக் கீழே வைத்தார்கள்.

மூன்று பேர் வைத்தார்கள் என்றேன். உண்மையில் மனதார வைத்தவர் தரகர் ஒருவர்தான். மச்சானும் பெரியப்பாவும் நானும் சீட்டைக் கீழே வைப்பது என்றால் ஏதோ மானம் போகிற மாதிரி வைப்போம். மச்சான் ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு கடைசிவரை வந்தார். ஹோல்டெமில் அதைவிட மோசமான கை இல்லை என்று அக்கா மகன் தலையில் அடித்துக்கொண்டான். “இவ்வளவு போட்டுட்டேனே, இப்ப எப்படி விடுறது?” என்றார் மச்சான்.

“சித்தப்பா, நடுவுல போட்டது உங்களுது இல்ல. போட்டதை மறந்துடணும். இனிமே போடப் போறதைத்தான் யோசிக்கணும்.”

“எங்கிட்டேருந்துதானே போச்சு? அப்புறம் யாருது?”

பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய ஆட்டத்தில் இந்த ஒரு விதிக்கு மட்டும் எங்களுக்கு ஆயுள் போதாது. எங்கள் ஊரில் ஒன்றரை அடி வரப்புக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த குடும்பம் இருக்கிறது. வழக்குச் செலவுக்கு அந்த வயலையே விற்றார்கள், வழக்கை விடவில்லை. இத்தனை வருஷம் செலவு பண்ணியாயிற்றே! விதைக்குப் போட்டாயிற்று, நடவுக்குப் போட்டாயிற்று என்பதற்காக உரத்துக்குப் போடுவோம். உரத்துக்குப் போட்டாயிற்று என்பதற்காக மருந்துக்குப் போடுவோம். வானம் எப்படி இருந்தாலும் பாதியில் எழுந்து போகிற வழக்கம் கிடையாது. போகவும் இடம் கிடையாது.

தரகருக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவர் எங்கள் வயலில் எதையும் போட்டவர் அல்ல. நெல்லைக் கையில் அள்ளி, உமியை ஊதி, நாலு மணியைப் பல்லில் கடித்து, ஒரு விலை சொல்வார். நாம் தலையாட்டாவிட்டால், “சரிண்ணே, உங்களுக்கு வேண்டாம்னா விடுங்க” என்று துண்டை உதறிவிட்டு வண்டியைக் கிளப்புவார். அவர் நிஜமாகவே போகிறாரா, போவதுபோல் காட்டுகிறாரா என்பது இந்தத் தாலுகாவில் யாருக்கும் பிடிபட்டதில்லை. டல்லாஸில் புத்தகம் வாங்கிப் படிக்கிற வித்தை அவருக்குக் களத்திலேயே வந்துவிட்டது. அன்றிரவு அவர் பெரும்பாலான கைகளைப் பார்த்த மாத்திரத்தில் கீழே வைத்தார். எப்போதாவது பந்தயம் வைத்தார், வைக்கும்போது பாக்காக வைத்தார். நள்ளிரவில் பெரியம்மாவின் நாலு படிப் புளியங்கொட்டையும் அவர் மடியில் இருந்தது. அதில் பாதிக் கைகளில் அவரிடம் ஒன்றுமே இருக்கவில்லை என்று கோடி வீட்டு மாமா பிற்பாடு சொன்னார். தரகருக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் அவர் ஏன் “ச்சொச்சொ” சொல்லவில்லை என்று கேட்டேன். “அந்தாளு முகத்தைப் பாத்துட்டு, நல்ல சீட்டுதான்போலன்னு நானே நம்பிட்டேன் மாப்ளே” என்றார்.

மறுநாள் காலை அதே தரகர் என் நெல்லுக்கு வந்தார். அறுத்து ரோட்டோரம் கொட்டிக் கிடந்தது. அந்த 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு அரசு விலை குவிண்டால் 2,545 ரூபாயாக இருந்தது. அதற்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கிழக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. தரகர் அள்ளினார், ஊதினார், கடித்தார். “2,100 போட்டுக்கலாம்ணே.”

கற்றதைப் பயன்படுத்த இதைவிட நல்ல இடம் வராது. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன். மேகத்தைப் பார்க்கவில்லை. “பரவாயில்லண்ணே, நான் கொள்முதல் நிலையத்துலேயே போட்டுக்கிறேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டேன்.

தரகர் என்னைப் பார்த்தார். முதல்முறையாக அவருக்கு என் முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. வண்டிச் சாவியைத் தொட்ட கையை எடுத்தார். வாயைத் திறந்தார், 2,200 வரப்போகிறது.

“மாப்ளே,” என்றார் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கோடி வீட்டு மாமா, “அங்க சாக்கு இல்லைன்னு எல்லாரும் காத்துக் கிடக்கிறாங்களே, தெரியாதா? உன் நெல்லு வேற ஈரம்னு ராத்திரி சொன்னியே?”

“2,050ண்ணே” என்றார் தரகர்.