'பின்னாடி காலியா வருது': ஒரு தேற்றமும் அதன் நிரூபணமும்

சென்னையின் 29சி பேருந்து பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்குப் போகிறது. எப்போது போய்ச் சேரும் என்பது தனி ஆராய்ச்சி. அந்தப் பேருந்துக்காக மயிலாப்பூர் நிறுத்தத்தில் நிற்பவர் எடுக்கும் முடிவுகளோடு இக்கட்டுரை நின்றுகொள்கிறது.

நிற்பவர்களில் இரு மரபினர் உண்டு. 'இவ்ளோ நேரம் நின்னாச்சு, இப்ப வந்துடும்' என்பார் ஒருவர். 'இவ்ளோ நேரம் வரல, இனிமே எங்க வரப்போவுது' என்பார் அடுத்தவர். இருவர் கையிலும் இருக்கும் சான்று ஒன்றுதான். இரண்டாமவர் ஷேர் ஆட்டோ ஏறுவார். அது நகர்ந்ததும் பேருந்து வரும் என்பது இத்துறையில் மறுக்கப்படாத கருத்து.

பெண்களின் கணக்கு வேறு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் அவர்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. 2022இல் அந்த வண்டிகளுக்கு பிங்க் வண்ணம் பூசியதால் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. டீலக்ஸை விட்டுவிட்டு நிற்பவரைப் பொறுமைசாலி என்று நினைக்க வேண்டாம். மிச்சமாகும் ரூபாயை நிமிடங்களால் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் நிற்கிறார்.

இனி மூலத் தரவு. பிதுங்கி வரும் பேருந்தின் படியிலிருந்து நடத்துனர் கத்துகிறார்: 'பின்னாடி காலியா வருது!'

பொய் என்றே பயணிகள் கருதுகிறார்கள். 1964இல் நியூவெல், பாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் கணிதத்தில் காட்டியது நடத்துனரின் பக்கம் இருக்கிறது. ஒரு வண்டி சற்றுத் தாமதித்தால் நிறுத்தத்தில் கூட்டம் சேர்கிறது. அத்தனை பேரும் ஏறி முடிப்பதற்குள் இன்னும் தாமதம். பின்வண்டிக்கோ ஏற்ற ஆளில்லை. விரைந்து வந்து முன்வண்டியின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. மணிக்கு ஆறு பேருந்துகள் சீராக வந்தால், நேரம் பார்க்காமல் வந்து நிற்பவரின் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே ஆறும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடி ஜோடியாக வந்தால் 10 நிமிடம். அலுவலகக் கணக்கில் இரண்டுமே மணிக்கு ஆறு நடைதான், எவர் மீதும் குற்றமில்லை.

சிக்கல் ஒன்று உண்டு. எல்லோரும் நடத்துனரை நம்பிவிட்டால் பின்வண்டி காலியாக இராது. நல்லவேளையாக, இதுவரை யாரும் நம்பியதில்லை.

ஆகவே ஆய்வின் பரிந்துரை: வெகுநேரம் கழித்து, நிரம்பி வழிந்து வரும் வண்டியிலிருந்து அந்தக் குரல் கேட்டால் நம்பி நில்லுங்கள். முன்வண்டி போய்க் கொஞ்ச நேரத்திலேயே வரும் வண்டியிலிருந்து கேட்டால், எப்படியாவது உள்ளே ஏறிவிடுங்கள்.