கோர்மே சப்ஜியில் இரண்டாம் பரிசு வாங்குவது எப்படி?

ஈரானில் யாரைக் கேட்டாலும் உலகத்திலேயே சிறந்த கோர்மே சப்ஜி தன் அம்மா வைப்பதுதான் என்பார். எட்டுக் கோடிக்கும் மேல் மக்கள் வாழ்கிற நாட்டில் முதல் பரிசு இப்படி வீட்டுக்கு ஒன்றாக ஏற்கெனவே கொடுத்து முடிந்துவிட்டது. ஆகவே, டெஹ்ரானில் ஒரு குடும்பத்துக்கு மருமகளாகவோ மருமகனாகவோ போய்ச் சேர்ந்து, வெள்ளிக்கிழமை மதிய விருந்துக்கு இந்தக் கீரைக் குழம்பை வைத்தே தீருவேன் என்று நிற்பவர்கள் முதலில் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி இரண்டாம் பரிசுக்கு மட்டுமே. அதுவும் லேசில் கிடைக்காது.

காலம் பார்த்தல்

கோர்மே சப்ஜி ஆண்டு முழுவதும் வைக்கிற குழம்புதான். ஆனாலும் புதிதாகக் கை வைப்பவருக்கு வசந்தம் உத்தமம். மார்ச் 20 அல்லது 21-இல் நவ்ரூஸ் புத்தாண்டு பிறக்கும்போது டெஹ்ரானின் தஜ்ரீஷ் சந்தையில் கீரை குவிந்து கிடக்கும். இலை இளசு, தண்டில் நார் இருக்காது. ஆனால் புத்தாண்டை ஒட்டி உடனே கிளம்பிவிடாதீர்கள். அந்த வேளைக்குக் கீரைச் சோறும் மீனும் என்பது எழுதாத சட்டம். அதற்கப்புறம் பதின்மூன்று நாள், உறவினர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் மாறிமாறிப் போய்வருகிற காலம். அதில் உங்கள் முறை வரும், தப்ப முடியாது.

அதே சந்தையில் ஸாக்ரோஸ் மலைப்பக்கத்து கங்கர் என்னும் முள்செடியின் தண்டும், ரீவாஸ் என்னும் புளிப்புத் தண்டும் கண்ணில் படும். இரண்டிலும் அருமையான வசந்தக் குழம்பு வைக்கலாம். கங்கரின் முள்ளைச் சீவ உங்களைத் தவிர அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்பதால், பார்த்து ரசித்துவிட்டு நகருங்கள்.

கீரை வாங்குதல்

ஆறு பேருக்கு, ஆய்ந்த பிறகு ஒரு கிலோ தேறவேண்டும். பார்ஸ்லி 400 கிராம், தரே 400 கிராம், கொத்தமல்லி 150 கிராம், வெந்தயக்கீரை 50 கிராம். தரே என்பது வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த, பூண்டு வாசமடிக்கும் தட்டைத் தாள். ஈரானுக்கு வெளியே இருப்பவர்கள் லீக்ஸின் பச்சைப் பகுதியைப் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

வெந்தயக்கீரை நமக்குத் தெரிந்த சரக்குதானே என்ற தெம்பில் ஒரு கட்டு முழுவதையும் போட்டுவிட வேண்டாம். இந்தக் குழம்புக்கு அதன் மணம் வேண்டும், ஆனால் அளவு மீறினால் மீதி 950 கிராமையும் அது தன் பக்கம் இழுத்துக் கசக்கவைத்துவிடும். காய்ந்த இலை என்றால் ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள்.

ஆய்தல்

கீரை ஆய்வது தனி ஆள் வேலை கிடையாது. தரையில் விரிப்பு விரித்து, சித்தி, அத்தை, பக்கத்து வீட்டம்மா எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, போன வாரக் கல்யாணத்தில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஆரம்பித்தால்தான் கை ஓடும். நீங்கள் வாயைத் திறக்காமல் ஆய்ந்துகொண்டே இருங்கள். அந்த விரிப்பில் இடம் கிடைத்துவிட்டால் உங்களைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். உங்களைப் பற்றிய பேச்சு, நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது நடக்கும்.

பார்ஸ்லியில் தடித்த காம்பைத் தள்ளுங்கள், கொத்தமல்லியில் மெல்லிய தண்டை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒவ்வொரு முறையும் கீரையை மேலாக அள்ளி எடுங்கள். தண்ணீரோடு சேர்த்துக் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் கீரைக்கே வந்து சேரும். பிறகு துணியில் பரப்பி உலரவிட்டுப் பொடிப்பொடியாக நறுக்குங்கள். ஈரத்தோடு நறுக்கினால் கூழாகும், வதக்கினால் அவிந்துபோகும்.

இவ்வளவு பாடு எதற்கு என்பவர்களுக்கு வழி இருக்கிறது. டெஹ்ரான் கீரைக்கடைகளில் ஆய்ந்து, அலசி, இயந்திரத்தில் நறுக்கித் தருவார்கள். வதக்கியே தருகிற கடைகளும் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள். பொட்டலத்தின் உறையை மட்டும் குப்பைத்தொட்டியின் அடியில் போட்டு, மேலே வெங்காயத்தோலைப் பரப்பிவிடுங்கள். அடுப்பு மேடையில் நாலைந்து பார்ஸ்லிக் காம்புகளை அலட்சியமாகச் சிதறவிட்டால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

வதக்கல்

பரிசு தீர்மானமாகும் இடம் இதுதான். அகலமான சட்டியில் அரைக் கோப்பை எண்ணெய் ஊற்றுங்கள். மனசு பதறும், பதறட்டும். வெந்தயக்கீரையைத் தனியே ஒதுக்கிவிட்டு, மற்ற கீரையைப் போட்டு மிதமான தீயில் கிளறுங்கள். முதல் ஐந்து நிமிடம் கீரை பளிச்சென்ற பச்சையில், படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பும்படி இருக்கும். அடுப்பை அணைத்துவிடலாமா என்று தோன்றும். உடல்நலக் கட்டுரைகள் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் பலமாகத் தோன்றும். அணைத்தவர்களுக்குக் கிடைப்பது சத்தான கீரைப் பொரியல். சாப்பிடலாம், ஆனால் அதன் பெயர் கோர்மே சப்ஜி இல்லை.

பத்தாவது நிமிடத்தில் அந்த மலையத்தனையும் சுருண்டு சட்டியின் அடியில் கிடக்கும். நீர் வற்றி ஆவி நிற்கும். அதன் பிறகு சத்தம் மாறும்: கொதிக்கிற சத்தம் அடங்கிப் பொரிகிற சத்தம் எழும். நிறம் கரும்பச்சைக்கு இறங்கும். பச்சை வாசனை போய், காய்ந்த புல்லில் வெண்ணெய் உருகியது மாதிரி ஒரு மணம் வரும். வெந்தயக்கீரையை இப்போது சேருங்கள். முன்னமே போட்டால் அதிகம் வதங்கிக் கசக்கும். இருபது நிமிடத்தை ஒட்டி, மரக்கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் கீரை ஒட்டாமல் உதிரியாக விழவேண்டும்.

அந்தப் பதத்துக்கும் தீய்ந்துபோவதற்கும் இடையே ஓரிரு நிமிடம்தான் இருக்கிறது. தொலைபேசி சரியாக அப்போது அடிக்கும். எடுக்காதீர்கள். மாமியாராகத்தான் இருக்கும். கீரை கறுத்ததா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார்.

கறியும் பயறும்

செம்மறியாட்டுத் தொடைக்கறியோ மாட்டிறைச்சியோ 600 கிராம், பெரிய துண்டுகளாக. இரண்டு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் போட்டுக் கறியைப் பிரட்டுங்கள். இந்த இடத்தில் நம் ஊர்க் கை தன்னையறியாமல் மிளகாய்த்தூளைத் தேடும், இஞ்சி பூண்டு விழுதைத் தேடும், பட்டை கிராம்பைத் தேடும். எதுவும் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பயறு விஷயத்தில் நாடு பிளவுபட்டிருக்கிறது. டெஹ்ரானில் பெரும்பாலும் ராஜ்மா, சிலருக்குப் புள்ளி போட்ட பீன்ஸ், தெற்கே சீராஸ் பக்கம் பல வீடுகளில் காராமணி. பயறை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு போடுகிற வீடுகளும் உண்டு. சம்பந்தி வீடுகள் இரண்டும் இரண்டு கட்சி என்றால், சமாதானத்துக்காக எல்லாவற்றையும் கலந்து போடாதீர்கள். இரு தரப்பும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்று சேரும், உங்களுக்கு எதிராக.

எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் ஒன்றில் விளையாடக் கூடாது. ராஜ்மாவை முதல் நாள் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பச்சை ராஜ்மாவில் இருக்கும் நச்சுப் புரதம் அந்தக் கொதியில்தான் அழியும். விருந்தாளிகள் வாந்தி எடுத்தால் மூன்றாம் பரிசும் கிடையாது.

காய்ந்த எலுமிச்சை

லிமூ அமானி என்பது சிறு எலுமிச்சையை உப்புநீரில் வேகவைத்து வெயிலில் காயவைத்தது. தோல் பழுப்பு, உள்ளே கறுப்பு, கையில் எடுத்தால் எடையே தெரியாது. இந்தக் குழம்பின் புளிப்பு முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது, கசப்பும் கூடத்தான். சுடுநீரில் ஊறப்போட்டு, கத்தி முனையால் குத்தி, விதையை எடுத்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் சேருங்கள். ஆறு பேருக்கு ஆறு. ஐந்து போட்டால் பந்தியில் சண்டை வரும்.

காத்திருத்தல்

கறி, கீரை, பயறு எல்லாம் ஒரே பாத்திரத்தில், மூழ்கும் அளவு தண்ணீர், சிறு தீ, மூன்று மணி நேரம். இனி உங்களுக்கு வேலை இல்லை, அதுதான் கஷ்டம். மூடியைத் திறந்து பார்க்க ஒவ்வொருவராக வருவார்கள். பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: இடத்தில் போய் உட்கார்ந்ததா? கறி வெந்து, கீரையும் நீரும் ஒன்றாகி, மேலே கரும்பச்சை எண்ணெய் பிரிந்து மிதந்தால் உட்கார்ந்தது என்று பொருள்.

அவசரப்பட்டு இறக்கினால் தண்ணீர் தனி, கீரை தனியாக நிற்கும். மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார். தட்டைச் சற்றே சாய்த்துப் பார்ப்பார்.

வாசம்

இதற்குள் மாடிப்படி முழுக்கச் செய்தி போயிருக்கும். வெந்தயத்தில் சொட்டோலான் என்றொரு மணப்பொருள் இருக்கிறது. சாப்பிட்டவரின் வேர்வையிலும் அது வெளிவரும் என்பதால் சனிக்கிழமை அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும். வம்பை விலைக்கு வாங்கும் அரசியல் பேச்சு பேசுகிறவனைப் பற்றி, அவன் தலையில் கோர்மே சப்ஜி வாசம் அடிக்கிறது என்று ஈரானில் சொல்வது வழக்கம். குழம்பு வாசம் குளித்தால் போகும். மற்றது போகாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

சோறு

அரிசியை உப்புநீரில் ஊறவைத்து, முக்கால் பதத்தில் வடித்து, அடியில் எண்ணெய் விட்ட பாத்திரத்தில் குவித்து, துணி சுற்றிய மூடி போட்டுத் தம் கட்டுங்கள். அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் முறுகல் தஹ்தீக். குழம்பு சொதப்பினால் இதுதான் உங்கள் காப்பீடு. தஹ்தீக் மேசைக்கு வந்த பிறகு கொஞ்ச நேரத்துக்கு யாரும் வேறெதையும் பார்ப்பதில்லை.

பரிமாறலும் தீர்ப்பும்

தயிர், ஊறுகாய், பச்சை வெங்காயம் பக்கத்தில் வையுங்கள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் போதும் என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. மூன்று முறை வற்புறுத்துங்கள், அதற்கு முன்பே நிறுத்தினால் பட்டினி போட்டவர் என்று பெயர் வரும். எல்லோரும் ‘உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்’ என்பார்கள். ஒரு கிலோ கீரை நறுக்கிய கை வலிக்கத்தான் செய்யும், சொல்லாதீர்கள். அதுவும் தீர்ப்பில் சேராது. தீர்ப்பு வேறு வாக்கியங்களில் வரும்.

“சோறு பிரமாதம்”: தோல்வி.

“கீரை நீங்களே ஆய்ந்ததா?”: பொட்டல உறை அகப்பட்டுவிட்டது.

“நன்றாக இருக்கிறது. எங்கள் அம்மா இன்னும் கொஞ்சம் லிமூ போடுவார்”: வாழ்த்துகள். இரண்டாம் பரிசு உங்களுக்கே.

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள்

பிரஷர் குக்கரில் வைக்கலாமா?
வைக்கலாம், பலர் வைக்கிறார்கள். விசில் சத்தம் வரவேற்பறைக்குக் கேட்கக் கூடாது.

புத்தகம் பார்த்துச் செய்யலாமா?
ரோஸா மொந்தஸெமியின் சமையல் நூல் தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் சீர்வரிசையோடு போகிற பெரிய புத்தகம். புரட்சிக்குப் பின் வெளிநாட்டில் குடியேறியவர்களின் அலமாரிகளில் நஜ்மியே பத்மாங்லிஜ் 1986-இல் வெளியிட்ட நூல் இருக்கும். இரண்டிலும் அளவு சரியாகவே இருக்கிறது. அம்மாக்கள் அளவு பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

முதல் பரிசுக்கு வழியே இல்லையா?
இருக்கிறது. ஒரு பிள்ளையைப் பெற்று, இதே குழம்பை ஊட்டி வளர்த்து, கல்யாணம் செய்துவையுங்கள். அந்த வீட்டில் அது முதல் கவளம் வாயில் போட்டதும் உங்கள் பெயர் அறிவிக்கப்படும்.

மிச்சம் இருந்தால்?
மூடி வையுங்கள். மறுநாள் சூடாக்கும்போது புளிப்பும் கீரையும் இன்னும் சேர்ந்திருக்கும். சாப்பிட்டவர்கள், நேற்றைவிட இன்று நன்றாக இருக்கிறது என்பார்கள். இந்தச் சமையலில் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே நேரடிப் பாராட்டு அது. நீங்கள் எதுவும் செய்யாத நாளில் கிடைக்கும்.